கடைக்கும் பட்டறைக்கும் கரண்ட் பில்: வாசகர் கேள்வி-பதில்

கடை, பட்டறை, சிறு தொழிற்கூடம் நடத்துபவர்களின் மின்கட்டணக் கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். கீழே கணக்குக்கு எடுத்திருப்பவை தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பர் 10 முதல் அமலாக்கிய விலைகள். அதன்பின் ஆணையம் 2023 ஜூலையில் 2.18 சதவீதமும், 2024 ஜூலையில் 4.83 சதவீதமும், 2025 ஜூலையில் 3.16 சதவீதமும் உயர்த்தியது. ரவுண்டான எண்களில் கணக்குப் போடுவது சுலபம் என்பதால் 2022 விலைகளையே வைத்துக்கொண்டேன். உங்கள் பில்லில் தொகை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான்.

கேள்வி: சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன பில்லைவிட ஆறு யூனிட்தான் கூடுதலாக ஓடியிருக்கிறது, தொகை மட்டும் 400 ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. மீட்டர் கெட்டுப்போயிருக்குமா? (காரைக்குடி)

பதில்: மீட்டர் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் 100 யூனிட்டைத் தாண்டியிருக்கிறீர்கள்.

கடைகளுக்கு உரியது எல்.டி. (தாழ்வழுத்த) டாரிஃப் 5, அதாவது கட்டணப் பிரிவு 5. இதில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை யூனிட்டுக்கு 6 ரூபாய். 101-ஆவது யூனிட் ஓடிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்குமே 9.50 ரூபாய். வீட்டு கனெக்‌ஷனில் படிப்படியாக ஏறுவது போன்றதல்ல இது. 98 யூனிட்டுக்கு 588 ரூபாய், 104 யூனிட்டுக்கு 988 ரூபாய். ஆறு யூனிட்டுக்குச் சரியாக 400 ரூபாய் வித்தியாசம். அதன் மேல் 5 சதவீத மின்வரி.

இரண்டு மாதத்துக்கு 90 முதல் 120 யூனிட் வரை ஓட்டும் கடைகளுக்குத்தான் இது பெரிய விஷயம். 400 யூனிட் ஓட்டும் கடை இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. உங்களைப் போன்றவர்கள் ரீடிங் எடுத்த நாளைக் குறித்துவைத்து, ஒன்றரை மாதம் ஆனதும் மீட்டரை ஒருமுறை பாருங்கள். 75-ஐத் தாண்டியிருந்தால் மீதி நாட்களில் கொஞ்சம் கை அடக்கமாக இருக்கலாம். ஜெராக்ஸ் மெஷினை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாண்ட்பையில் விடாமல் நிறுத்துங்கள், பழைய டியூப் லைட் இருந்தால் எல்.இ.டி.க்கு மாறுங்கள். உங்கள் அளவுக்கு இவையே 100-க்குள் கொண்டுவந்துவிடும்.

பில்லில் 'நிலையான கட்டணம்' என்ற வரியையும் பாருங்கள். 50 கிலோவாட் வரை லோடு (கனெக்‌ஷனுக்கு அனுமதித்த மின்பளு) உள்ள கடைக்கு, கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய். கடையை இரண்டு மாதம் பூட்டிவைத்தாலும் இது வரும். முன்பு அந்த இடத்தில் ஏ.சி. போட்ட அலுவலகம் இருந்து, 8 கிலோவாட் லோடு அப்படியே உங்கள் தலையில் விழுந்திருந்தால், இரண்டு மாதத்துக்கு 1,600 ரூபாய் சும்மா போகும். உங்களுக்கு 2 கிலோவாட் போதுமென்றால் லோடு குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: அப்பளம் போட்டுக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிறோம். நேரடி வியாபாரம் கிடையாது. எங்களுக்கும் கடை ரேட்தான் போடுகிறார்கள். இது சரியா? (மதுரை)

பதில்: உங்கள் கேள்வியில்தான் பெரிய பணம் இருக்கிறது. எனக்கு வரும் கடிதங்களில் பலரும் வேறு எங்காவது மலிவாகக் கரண்ட் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். தங்கள் கனெக்‌ஷன் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பில்லைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

பொருளை விற்கும் இடம் டாரிஃப் 5. பொருளைச் செய்யும் இடம் டாரிஃப் 3. அதிலும் 12 கிலோவாட்டுக்குள் லோடு உள்ள குடிசைத் தொழில், குறுந்தொழில்களுக்கு 3-ஏ(1) என்று தனிப்பிரிவு இருக்கிறது. அதில் இரண்டு மாதத்துக்கு முதல் 500 யூனிட் வரை யூனிட் 4.50 ரூபாய். நீங்கள் 480 யூனிட் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். கடை ரேட்டில் 4,560 ரூபாய், 3-ஏ(1)-இல் 2,160 ரூபாய். பாதிக்கும் குறைவு. அதைவிடப் பெரிய தொழிற்கூடங்கள் 3-பி பிரிவில் வரும். அங்கே யூனிட் 7.50 ரூபாய், அதுவும் கடை ரேட்டைவிடக் குறைவுதான்.

உதயம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் முதலில் இணையத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. பிறகு ஆணையத்தின் உத்தரவில் 3-ஏ(1)-இன் கீழ் உள்ள தொழில்களின் பட்டியலைப் பார்த்து, டாரிஃப் மாற்றம் கேட்டுப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வருவது போதாது. விண்ணப்பம் பெற்றதற்கான அத்தாட்சி கையில் இருக்க வேண்டும். அவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். வாசலில் ஒரு மேசை போட்டுச் சில்லறை விற்பனையும் நடந்தால் கடை என்றே எழுதிவிட வாய்ப்புண்டு. அப்படி விற்பனை இருந்தால் அதற்குத் தனி மீட்டர் வாங்கிவிடுவது நல்லது.

கேள்வி: வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். வீட்டு கனெக்‌ஷனிலேயே ஓட்டலாம்தானே? (சேலம்)

பதில்: வேண்டாம் அம்மா. மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவுப்படி, ஒரு பயன்பாட்டுக்கு வாங்கிய மின்சாரத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பது அனுமதியற்ற பயன்பாடு. அதற்கு உரிய டாரிஃபைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். பார்லருக்குத் தனி மீட்டர் வாங்கினால் மாதாமாதம் ஆகும் செலவு அதில் சிறு பங்குதான். அப்புறம், வீட்டு கனெக்‌ஷனில் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் வீட்டுக்கு அப்படியே தொடரும்.

கேள்வி: காம்ப்ளக்ஸில் வாடகைக்குக் கடை எடுத்திருக்கிறேன். ஓனர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 14 ரூபாய் வாங்குகிறார். தனி கனெக்‌ஷன் கேட்டால் சம்மதக் கடிதம் தர மறுக்கிறார். என்ன செய்வது? (கோவை)

பதில்: ஓனர் கையெழுத்துப் போடாவிட்டால் ஒன்றுமே நடக்காது என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது. உரிமையாளர் சம்மதம் தர மறுத்தால், நீங்கள் அந்த இடத்தில் சட்டப்படி குடியிருக்கிறீர்கள் என்பதற்கான ஆதாரத்தையும், பின்னால் பிரச்சினை வந்தால் பொறுப்பேற்பதாக ஓர் உறுதிப் பத்திரத்தையும் கொடுத்து விண்ணப்பிக்கலாம். வைப்புத்தொகை மட்டும் வழக்கமானதைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

'சட்டப்படி' என்று நிரூபிக்க வாடகை ஒப்பந்தம் வேண்டும். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவும் ஆகியிருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். வெறும் வாய்ப்பேச்சில் கடை எடுத்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சண்டைக்குப் போகுமுன் ஓனரிடம் ஈ.பி. பில்லின் நகலைக் கேட்டுப் பாருங்கள். பொது மோட்டார், லிஃப்ட், மாடிப்படி விளக்கு, ஜெனரேட்டர் டீசல் எல்லாவற்றையும் அந்த 14 ரூபாயிலேயே அடக்கியிருந்தால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. பராமரிப்புக்குத் தனியாக வாங்கிக்கொண்டு யூனிட்டுக்கும் 14 ரூபாய் வாங்கினால் அதில் நியாயமே இல்லை. புதிதாகக் கடை தேடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தனி மீட்டரா, சப்மீட்டரா என்று கேளுங்கள். சப்மீட்டர் என்றால் யூனிட் விலையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நிட்டிங் யூனிட் நடத்துகிறோம், எச்.டி. கனெக்‌ஷன், 200 கே.வி.ஏ. தனியார் காற்றாலைக் கரண்ட் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் குறைவாகத் தருவதாக ஏஜென்ட் ஒருவர் வருகிறார். செல்போன் சிம் மாற்றுவது போல மின் நிறுவனத்தை மாற்ற முடியுமா? (திருப்பூர்)

பதில்: சிம் போல மாற்றுவது தமிழ்நாட்டில் முடியாது. மும்பைப் புறநகரில் டாடாவா அதானியா என்று வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்க முடியும், ஏனென்றால் ஒரே பகுதியில் இரண்டு நிறுவனங்களுக்கு உரிமம் இருக்கிறது. இங்கே கம்பியும் பில்லும் மின்வாரியத்தினுடையவைதான், 2024-இலிருந்து தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற பெயரில். ஏஜென்ட் சொல்வது வேறு வழி. வேறொருவர் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை அதே கம்பிகள் வழியாக வாங்கி உங்கள் பில்லில் கழித்துக்கொள்வது. இதற்குத் திறந்த அணுகல் என்று பெயர். முன்பு ஒரு மெகாவாட்டுக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான் இது திறந்திருந்தது. பசுமை மின்சாரத்துக்கு மட்டும் 2022-இல் வந்த மத்திய விதிகள் அந்த வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. ஆகவே நீங்கள் தகுதியுள்ளவர்தான்.

ஆனால் ஏஜென்டைப் பார்ப்பதற்கு முன் உங்கள் பில்லைப் பாருங்கள். எச்.டி.யில், அதாவது உயரழுத்த கனெக்‌ஷனில், டிமாண்ட் கட்டணம் கே.வி.ஏ.க்கு மாதம் 550 ரூபாய். டிமாண்ட் என்பது ஒரே நேரத்தில் நீங்கள் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. நீங்கள் உண்மையில் எட்டிய உச்சம், ஒப்பந்த அளவில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 200 வாங்கிவைத்துவிட்டு 120-தான் எட்டுகிறீர்கள் என்றால் 180-க்குக் கட்டுகிறீர்கள், அதாவது 99,000 ரூபாய். ஒப்பந்தத்தை 130 ஆகக் குறைத்தால் 120-க்குத்தான் பில், 66,000 ரூபாய். மாதம் 33,000 ரூபாய், எந்தக் காற்றாலையும் இல்லாமல். ஆர்டர் குறைந்த பிறகும் பழைய டிமாண்டைத் தூக்கிச் சுமக்கும் யூனிட்கள் உங்கள் ஊரில் எத்தனையோ. ஒரு வருடப் பில்களை எடுத்து, பதிவான அதிகபட்ச டிமாண்டை மாதவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சீசன் உச்சத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஏனென்றால் ஒப்பந்தத்தைத் தாண்டினால் அபராதக் கட்டணம் உண்டு.

அடுத்தது உச்ச நேரம். காலையிலும் மாலையிலும் நான்கு நான்கு மணி நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல், இரவில் 10 முதல் 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. மாலை 6 முதல் 10 வரை ஓட்டும் வேலையில் எதையாவது நகர்த்த முடிந்தால் அதுவும் லாபம். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் விகிதம்) 0.90-க்குக் கீழே போனால் அதற்கும் தண்டம். அதைச் சரிசெய்யும் கெப்பாசிட்டர் பேனலை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எச்.டி. இல்லாத பட்டறைகளும் 18.6 கிலோவாட்டுக்கு மேல் லோடு இருந்தால் 0.85-ஐக் காப்பாற்ற வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் ஏஜென்டிடம் பேசுங்கள். காற்றாலை வாசலில் என்ன விலை என்பதை விடுங்கள். வீலிங், டிரான்ஸ்மிஷன் (கம்பிகளைப் பயன்படுத்தும் கட்டணங்கள்), வழி இழப்பு, பேங்கிங் (மிஞ்சும் யூனிட்டைச் சேர்த்துவைத்துப் பிறகு எடுப்பது), கூடுதல் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் மீட்டரில் யூனிட் என்ன விலை என்று எழுத்தில் கேளுங்கள். குரூப் கேப்டிவ், அதாவது பலர் சேர்ந்து பங்கு போட்டுத் தங்களுக்கென்றே மின்சாரம் உற்பத்தி செய்வது என்றால், குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (வெளியே வாங்குபவர்களிடம் மின்வாரியம் மானிய இழப்பை ஈடுகட்ட வாங்குவது) கிடையாது, அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் பயன்படுத்துபவர்கள் சேர்ந்து 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்தை அவர்களே எடுக்கவும் வேண்டும். ஏதாவது ஒரு வருடம் இந்தக் கணக்குத் தவறினால் விட்டுப்போன கூடுதல் கட்டணம் உங்கள் மேல் விழும். அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆடிக் காற்றில் நிறைய வரும், மார்கழியில் வராது. அந்த மாதங்களுக்கு யூனிட் என்ன விலை ஆகும் என்பதையும் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: கடை மாடியில் 5 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்கிறார் டீலர். உண்மையா? (திருநெல்வேலி)

பதில்: உங்கள் கடைக்கு அந்த மானியம் கிடையாது. 78,000 ரூபாய் என்பது பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு மட்டும். இதைச் சொல்லி அட்வான்ஸ் கேட்கும் டீலரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

மானியம் இல்லாமலேயே சோலார் கடைக்கு ஒத்துவரலாம். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும், 5 கிலோவாட் என்றால் 20 யூனிட். கடை ரேட் வீட்டு ரேட்டைவிட அதிகம் என்பதால் நீங்கள் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடியது. ஆனால் வீடுகளுக்கு உள்ள நெட் மீட்டரிங் (வெளியே அனுப்பும் யூனிட்டை, வாங்கும் யூனிட்டில் அப்படியே கழிப்பது) கடைக்குக் கிடையாது. நீங்கள் பயன்படுத்தாமல் வெளியே போகும் யூனிட்டுக்கு, நீங்கள் கொடுக்கும் விலையைவிட மிகக் குறைந்த விலைதான் கிடைக்கும். ஆகவே பகலில் உங்கள் கடை எவ்வளவு இழுக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் போடுங்கள். பகலில் ஃப்ரீசர் ஓடும் ஐஸ்கிரீம் கடைக்கு இது நல்ல முதலீடு. மாலை ஐந்து மணிக்குத் திறக்கும் பரோட்டா கடைக்கு நான் சொல்லமாட்டேன். கொட்டேஷனில் ஜி.எஸ்.டி.யையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

கேள்வி: கூடுதல் டெபாசிட் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. பில்லை ஒழுங்காகக் கட்டும் எங்களிடம் ஏன் கேட்கிறார்கள்? கணக்கிலும் சந்தேகம் இருக்கிறது. (வேலூர்)

பதில்: உங்கள் பயன்பாடு கூடியிருந்தால் அதற்கேற்ப வைப்புத்தொகையையும் கூட்டிக் கேட்பது விதிப்படிதான். அது உங்கள் பணம், வட்டியும் உண்டு. அந்த வட்டி வருடத்துக்கு ஒருமுறை பில்லில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். பலர் பார்ப்பதே இல்லை. கனெக்‌ஷன் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் டெபாசிட்டும் அவர் பெயரில்தான் நிற்கும், பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள்.

கணக்கில் சந்தேகம் என்றால் எந்தெந்த மாதங்களின் சராசரியை எடுத்தார்கள் என்று பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாரைப் பதிவு செய்து, பதிவு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் தீராவிட்டால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. மன்றத்தின் உத்தரவு திருப்தி தராவிட்டால் சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இரண்டு இடத்திலும் வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நீங்களே பேசலாம். விசாரணை முடியும்வரை தகராறு இல்லாத நடப்புப் பில்லை மட்டும் தவறாமல் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்க அவர்களுக்கு வேறு காரணம் கிடைத்துவிடும்.