ஊசி போட்ட மாட்டின் பாலைக் காய்ச்சினால் மருந்து போய்விடுமா?

மடிநோய்க்காக ஒரு காம்பில் ஆன்டிபயாடிக் ட்யூப் ஏற்றப்பட்ட பசுவின் பாலைச் சுண்டக் காய்ச்சியோ தயிராக்கியோ வீட்டில் பயன்படுத்தலாமா, மற்ற மூன்று காம்புகளின் பாலையாவது சொசைட்டிக்கு ஊற்றலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டுமே கூடாது.

காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து அழியாது. பால் பண்ணைகளில் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கும்போது பென்சிலின் ஏறக்குறைய அப்படியே தங்கிவிடுகிறது. அடுப்பில் பொங்கவிட்டாலும் ஒரு பகுதியே குறையும். சல்ஃபா, என்ரோஃப்ளாக்சசின் போன்ற மற்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே அல்ல. பென்சிலினைச் சிதைக்கும் நொதியைப் பாலில் கலப்பதும் தீர்வல்ல, அது பாலில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை ஏமாற்றும் கலப்படம்தான். சிதைந்த கூறுகளும் ஒவ்வாமை உள்ளவர்களைப் பாதிக்கக்கூடும்.

பாலில் பென்சிலினுக்கு, உணவுத் தரங்களை நிர்ணயிக்கும் சர்வதேச கோடெக்ஸ் அமைப்பு வகுத்த உச்சவரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 3 லட்சம் யூனிட் பென்சிலின் என்பது 180 மில்லிகிராம். அது முழுவதும் பாலில் கலந்தால் 45,000 கிலோ பாலை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதும் என்று கணக்கிட்டால், ஒரு மாட்டின் பால் ஒரு டேங்கரையே கெடுப்பது எப்படி என்பது விளங்கும். மடியில் ஏற்றிய மருந்து இரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளுக்கும் வந்துசேர்வதால், நான்கு காம்புப் பாலையும் ஒதுக்கியே ஆக வேண்டும்.

தயிர் உறைவதைச் சோதனையாகக் கொள்வோரும் உண்டு. உறைமோரில் உள்ள பாக்டீரியாக்கள் பென்சிலினுக்கு எளிதில் அடங்கிவிடுவதால், இரவில் உறை ஊற்றிய பால் விடிந்த பிறகும் நீர்த்தே கிடப்பதுண்டு. ஆனால் அவற்றைப் பாதிக்காத மருந்துகளும் இருப்பதால், கெட்டியாக உறைந்த தயிர் எதற்கும் சான்றாகாது.

செய்யக்கூடியது, மருந்து உடலிலிருந்து தானாக வெளியேறும்வரை காத்திருப்பதே. எத்தனை நாள் அல்லது எத்தனை கறவை என்பது மருந்துக்கு மருந்து மாறும். அட்டையில் அச்சிட்டிருக்கும் காலத்தைக் கடைசி டோஸிலிருந்து எண்ண வேண்டும், முதல் டோஸிலிருந்து அல்ல. அளவைக் கூட்டியோ இரண்டு மருந்துகளைச் சேர்த்தோ கொடுத்திருந்தால் அட்டைக் கணக்கு செல்லாது. சிகிச்சையளித்த கால்நடை மருத்துவரையே கேட்க வேண்டும். அதுவரை அந்த மாட்டைக் கடைசியாகத் தனிப் பாத்திரத்தில் ஒட்டக் கறந்து, பாலை எருக்குழியில் ஊற்றிவிடுங்கள். வீணாகிறதே என்று கன்றுக்குக் கொடுப்பதும் நல்லதல்ல. மருந்துக்கு அடங்காத கிருமிகள் அதன் குடலில் பெருக அதுவே வழிசெய்யும்.