திருக்கடலூரில் உணவு, உடல்நலக் கணக்கெடுப்பு: எப்படிக் கேட்பது?
திருகோணமலையின் கரையோர மீனவக் கிராமமான திருக்கடலூரில் வீடு வீடாகச் சென்று உணவுப் பழக்கத்தையும் உடல்நலத்தையும் பற்றித் தகவல் திரட்டும்போது எவ்வாறு கேட்க வேண்டும் என்று வினவியிருந்தீர்கள்.

"உப்பு அதிகம் சேர்ப்பீர்களா?" என்று கேட்பதில் பயனில்லை, பெரும்பாலானோர் இல்லையென்றே சொல்வார்கள். அதற்குப் பதிலாக, நேற்று எழுந்தது முதல் படுக்கும்வரை உண்டதையும் குடித்ததையும் வரிசையாகச் சொல்லச் செய்து, அந்த வீட்டுக் கோப்பையையும் கரண்டியையும் எடுத்துவரச் சொல்லி, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிட்டையும் மீன்குழம்பையும் தவறாமல் சொல்பவர்கள்கூட, இடையில் குடித்த தேநீரின் சீனியையும் சோற்றோடு தொட்டுக்கொண்ட கருவாட்டையும் எளிதில் மறந்துவிடுவார்கள் என்பதால், அவற்றைத் தனியே கேட்க வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு விடுபட்டால் உங்கள் உப்புக் கணக்கே பிழைத்துவிடும்.

வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சமைக்கும் வீடுகள் இருப்பதால், எல்லா வீடுகளுக்கும் சனிக்கிழமையே செல்லாதீர்கள்; அன்று கேட்டால் வெள்ளிக்கிழமை உணவே பதிவாகும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து மீன்வரத்துக் குறைவதால், ஒரு பருவத்தில் திரட்டிய தகவல் ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது.

இரத்த அழுத்தம் அளப்பதாயின், ஐந்து நிமிடம் அமரச் செய்து, இருமுறை அளவிடுங்கள். கடலுக்குச் செல்லும் ஆண்கள் வீட்டில் இருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துச் செல்வது அவசியம். இல்லையேல் பெண்களின் பதில்களே மிஞ்சும். அனுமதிக்கு முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் கிராம உத்தியோகத்தரையும் அணுகுங்கள்.