கேளுங்கள், சொல்கிறேன்: கோயில் ஏட்டில் எழுதிவைத்த கல்யாணங்கள்

ஒரு வாசகி, அரியாங்குப்பம்: வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறேன். இந்த மாதம் வந்திருப்பது இங்கிலாந்தில் ஒரு சின்ன கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலின் பழைய கல்யாணப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாக எடுத்த படங்கள். ஒரே குடும்பப் பெயரை நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள். டிசம்பர் 1715க்கு அடுத்த வரியில் ஜனவரி 1715 என்று இருக்கிறது. பிந்தைய ஏடுகளில் கையெழுத்து இடத்தில் வெறும் பெருக்கல் குறி. தப்பு என்று தெரிவதை நானே திருத்தி அடிக்கலாமா?

திருத்தாதீர்கள் அம்மா. படத்தில் இருப்பதை அப்படியே அடியுங்கள். உங்களுக்குக் கொடுத்த விதித்தாளில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி செய்யுங்கள். நானும் கொஞ்ச காலம் இதே வேலை பார்த்தவன்தான். முதல் மாதத்தில் ஸ்மித் என்ற பெயரில் ஐ வரவேண்டிய இடத்தில் ஒய் இருந்த ஐம்பது அறுபது பெயர்களை நானாகவே ஐ என்று மாற்றி அடித்து அனுப்பினேன், மொத்தமும் திரும்பி வந்தது, இரண்டு ராத்திரி உட்கார்ந்து பழையபடி மாற்றினேன். அப்போது கோபம்தான் வந்தது. அந்த ஏடு எப்படி எழுதப்பட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்ப்பகுதியிலும், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டது 1538ல். அந்த வாரம் நடந்ததை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உட்கார்ந்து எழுத வேண்டும். 1603ல் வந்த திருச்சபை விதிப்படி ஏடு இருக்கும் பெட்டிக்கு மூன்று பூட்டு, சாவி ஒன்று குருவிடம், மற்ற இரண்டும் கோயில் பொறுப்பைப் பார்க்கிற வார்டன்கள் இருவரிடம், நம் கோயில் உண்டியலைப் பலர் முன்னிலையில் திறக்கிற மாதிரிதான். யோசித்துப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை நடந்த கல்யாணத்தை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறார்கள். மாப்பிள்ளைக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது, அதனால் எந்த எழுத்து என்று அவரைக் கேட்டும் பயனில்லை, குருவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் ஏட்டில் ஏறும். அடுத்த குரு வேறு ஊர்க்காரராக இருந்தால் அவர் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும். நீங்கள் தப்பு என்று நினைக்கிற அந்த எழுத்தில்தான் அந்த ஊர்ப் பேச்சு இன்னும் இருக்கிறது, அதைத் திருத்திவிட்டால் பிறகு தேடி வருகிறவருக்கு அது கிடைக்காது.

ஜனவரி 1715ம் தப்பில்லை. 1752க்கு முன்னால் இங்கிலாந்தில் வருஷம் பிறந்தது மார்ச் 25ம் தேதி. நமக்குச் சித்திரையில் பிறக்கிற மாதிரி. அதனால் டிசம்பர் 1715க்கு அடுத்து ஜனவரி 1715, பிப்ரவரி 1715, அப்புறம் மார்ச் 25லிருந்துதான் 1716. அந்த ஜனவரி நம் கணக்குக்கு 1716. சில குருக்கள் இரண்டு வருஷத்தையும் நடுவில் கோடு போட்டு எழுதியிருப்பார்கள், அந்தக் கோட்டையும் விடாமல் அடியுங்கள். 1752ல் இன்னொன்றும் உண்டு, காலண்டரை மாற்றியதில் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவில் பதினோரு நாளுக்கு ஒரு பதிவும் இருக்காது, பக்கம் விட்டுப்போச்சோ என்று பயப்பட வேண்டாம்.

1733க்கு முந்தைய ஏடுகளில் சில லத்தீனில் இருக்கும். யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், இது நமக்குச் சுலபம், தமிழ் பைபிளில் யாக்கோபு நிருபம் என்று இருப்பதுதான் ஆங்கில பைபிளில் ஜேம்ஸ். கூலியெல்முஸ் என்றால் வில்லியம். 1650களில் ஏடு காலியாகவோ கந்தலாகவோ இருந்தால் அது உள்நாட்டுப் போரும் அதற்குப் பிந்தைய கலவரமும் செய்தது. 1653ல் ஒரு சட்டம் போட்டு, கல்யாணத்தைக் குருவிடமிருந்து எடுத்து நீதிபதி கையில் கொடுத்தார்கள். கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வேண்டாம் என்றால் மூன்று சந்தை நாளில் சந்தையில் வைத்தும் சொல்லலாம் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது!

அறிவிப்பு என்றால் நம் ஊர்க் கிறிஸ்தவக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் இன்னாருக்கு இன்னார் என்று ஓலை வாசிக்கிறார்களே, அதேதான். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை வேறு பங்கு என்றால் இரண்டு பங்கிலும் வாசிக்க வேண்டும். 1754 மார்ச் 25லிருந்து ஹார்ட்விக் சட்டம் என்ற கல்யாணச் சட்டம் வந்து இதையெல்லாம் இறுக்கியது. அதற்குப் பிறகுதான் அச்சடித்த படிவம், மணமக்கள் கையெழுத்து, இரண்டு சாட்சி எல்லாம். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், யூதர்கள் தவிர மற்ற எல்லோரும், கத்தோலிக்கர் உள்பட, 1837 வரை இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் கோயிலில்தான் கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது. பெரும்பாலும் பெண்ணின் பங்கில்தான் கல்யாணம் நடக்கும், இதுவும் நமக்குப் புதிதில்லை. சாட்சியாக ஒரே ஆள் நூறு கல்யாணத்தில் வந்தால் அவர் எல்லோருக்கும் சொந்தம் என்று நினைக்காதீர்கள், அவர் அங்கே கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையாக இருந்திருப்பார்.

அந்தப் பெருக்கல் குறிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1840 வாக்கில்கூட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கல்யாணம் செய்த ஆண்களில் மூன்றில் ஒருவர், பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்படிக் குறிதான் போட்டார்கள். நான் பார்த்த ஒரு பக்கத்தில் முதல் கோடு அழுத்தமாக, மை தேங்கி, காகிதமே கொஞ்சம் கிழிந்திருந்தது. இரண்டாவது கோடு பயந்து பயந்து போட்ட மாதிரி மெலிசாக நடுவில் நின்றுவிட்டது. பக்கத்தில் குரு தன் அழகான எழுத்தில் இன்னாருடைய குறி என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெண் தன் வாழ்நாளில் பேனா பிடித்தது அந்த ஒரு தடவைதானோ என்னவோ. ரொம்ப நேரம் அடுத்த படத்துக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் படிவத்தில் குறிக்கென்று ஒரு கட்டம் இருந்தால் விட்டுவிடாதீர்கள் அம்மா.

ஒரு வாசகர், கடலூர் முதுநகர்: நம் ஊர் செயின்ட் டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களின் கல்யாணப் பதிவுகளும் இருக்குமா?

இருக்கும். கோட்டையைக் கம்பெனி மராத்தியரிடம் 1690ல் வாங்கியது. 1746லிருந்து 1752 வரை சென்னை மாகாணத்துக்கே தலைமையிடம் நம் கடலூர்தான். மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். சென்னை மாகாணத்துக்கு 1698லிருந்து உள்ள நகல்கள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, முன்னோர்களைத் தேட உதவும் ஃபைண்ட்மைபாஸ்ட் இணையதளத்தில் பணம் கட்டிப் பார்க்கலாம். ஆனால் கடலூரில் வேலை பார்த்தவர் கடலூரில்தான் கல்யாணம் செய்திருப்பார் என்று நினைத்துத் தேடாதீர்கள். இங்கே இருந்த ராபர்ட் கிளைவ் 1753 பிப்ரவரியில் கல்யாணம் செய்தது சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரி கோயிலில்.

ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி: தாத்தாவின் பிரெஞ்சுக் காலத்துக் கல்யாணப் பத்திரத்தில் முத்து என்ற பெயரின் எழுத்துகள் வேறாக இருக்கின்றன. கடலூரில் இருந்த அவர் தம்பி பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. எது சரி?

இரண்டும் சரி. நம் 'உ' ஒலிக்குப் பிரெஞ்சு எழுத்தர் ஓ, யூ என்று இரண்டு எழுத்து போடுவார், ஆங்கில எழுத்தர் யூ ஒன்றோடு நிறுத்துவார். அண்ணன் பெயர் பிரெஞ்சுக் காதில் விழுந்தது, தம்பி பெயர் ஆங்கிலக் காதில் விழுந்தது. அரசு அலுவலகத்தில் ஏதாவது காரியத்துக்குக் கேட்டால் வக்கீலைப் பார்த்து இருவரும் ஒரே குடும்பம் என்று பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தில் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று, அந்தப் பத்திரத்தை நன்றாகப் படித்துப் பாருங்கள். பிரெஞ்சு சிவில் சட்டப்படி மணமக்களின் அப்பா பெயரோடு அம்மா பெயரும் எழுதுவார்கள். இங்கிலாந்தில் 1837லிருந்து அப்பா பெயரும் தொழிலும் மட்டும்தான், அம்மா பெயருக்கு இடம் வந்ததே 2021 மே மாதத்தில். உங்கள் கொள்ளுப்பாட்டிகள் இருவர் பெயரும் அந்தத் தாளில் இருக்கும். வீட்டில் அந்தப் பெயர்களைச் சொல்ல யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று கேட்டு, அவர்கள் சொல்கிற உச்சரிப்பைத் தமிழில் பக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.