பிளைட்டன் சங்க இதழ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஆங்கிலச் சிறுவர் கதை எழுத்தாளர் எனிட் பிளைட்டன் பற்றி நீங்கள் முன்பு எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான், இங்கிலாந்தில் அவர் பெயரில் ஒரு சங்கம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஆண்டுக்கு மூன்று முறை வரும் அந்தச் சங்கத்தின் இதழுக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சந்தா கட்டினோம். இதழ் வந்ததும் ஒருவர் மாற்றி ஒருவர் படித்து முடித்துவிட்டு, ஒருநாள் உட்கார்ந்து பேசுவோம்.

போன மாதம் அந்தப் பேச்சு சண்டையில் முடிந்துவிட்டது. எங்களில் ஒருவர் பிளைட்டனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ சாகசக் கதை வரிசையில் வரும் பிள்ளைகளின் வயதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். “இப்படி நோண்டினால் கதையில் என்ன மிஞ்சும்?” என்று இன்னொருவர் கோபப்பட்டார். மூன்றாமவர், பிளைட்டனின் இனப்பார்வையைப் பற்றி ரசிகர் இதழில் எழுதவே கூடாது, அதைச் சொல்ல வெளியே ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறார். வீட்டிலோ, நாற்பத்தாறு வயதில் குழந்தைப் புத்தகத்துக்கு ஆராய்ச்சியா என்று கேட்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. இதழுக்கு நானும் ஏதாவது எழுதி அனுப்ப ஆசை. எதைப் பற்றி எழுதலாம் என்று சொல்லுங்கள்.

ம.

*

அன்புள்ள ம.,

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறிப்பிடும் அந்தக் கட்டுரையில் “லாஷிங்ஸ் ஆஃப் ஜிஞ்சர் பியர்” என்ற தொடரைப் பிளைட்டனின் முத்திரை வாசகமாகக் காட்டியிருந்தேன். ஜிஞ்சர் பியர் என்ற இஞ்சிப் பானம் வேண்டுமட்டும், வயிறு முட்ட என்று அர்த்தம். சின்ன வயதில் படித்த வரி என்று சூடம் ஏற்றிச் சத்தியம் செய்திருப்பேன். எந்தக் கதையில், எந்த மேட்டில் உட்கார்ந்து குடித்தார்கள் என்பதுகூடக் கண்ணுக்குள் நின்றது.

கட்டுரை வந்த இரண்டாம் நாள் ஒரு வாசகர் எழுதினார். பிளைட்டனின் புத்தகங்களில் ‘லாஷிங்ஸ்’ உண்டு, ஜிஞ்சர் பியரும் உண்டு, ஆனால் நீங்கள் மேற்கோள் காட்டும் தொடர் எங்குமே இல்லை என்றார். 1982 நவம்பர் 2 அன்று, பிரிட்டனில் சேனல் 4 தொலைக்காட்சி தொடங்கிய அன்றிரவு, ‘ஃபைவ் கோ மேட் இன் டார்செட்’ என்ற பகடிப் படம் ஒளிபரப்பானது. அந்தத் தொடர் அதிலிருந்து வந்தது. என் அலமாரியில் இருந்த ‘ஃபேமஸ் ஃபைவ்’ புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு இரவு தேடினேன். இல்லை. கேலி செய்தவர்கள் எழுதிய வரி, கேலி செய்யப்பட்டவரின் வரியாக மாறி, அந்தப் படத்தைப் பார்க்காத என் நினைவுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

திருத்திய அந்த வாசகர் பேராசிரியர் இல்லை. ‘ஃபேமஸ் ஃபைவ்’ வரிசையின் இருபத்தொரு புத்தகங்களையும் திரும்பத் திரும்பப் படிக்கிற ஒரு ரசிகர். சங்க இதழ் எதற்கு என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். ஒரு புத்தகத்தின் மேல் உயிரை வைத்திருப்பவருக்கு நினைவு நிறையப் பொய் சொல்லும். அலமாரியிலிருந்து அதை மறுபடி இறக்கிப் பக்கத்தைப் பார்க்கும் பொறுமையும் அவருக்குத்தான் இருக்கும். அப்படிப் பார்த்ததைப் பத்துப் பேருக்குச் சொல்லவும், தப்பு என்றால் அடுத்த இதழில் திருத்தவும் ஓர் இடம் வேண்டும் அல்லவா?

பிளைட்டன் விஷயத்தில் இது இன்னும் அவசியம். 1897ல் பிறந்து 1968ல் இறந்தவர். எதைப் புத்தகம் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அவருடைய நூல்களின் எண்ணிக்கை அறுநூறு, எழுநூறு என்று மாறும். சிறுகதைகளோ ஆயிரக்கணக்கில். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதே படித்த கூட்டம் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. பிபிசி வானொலி பல ஆண்டுகள் அவருடைய எழுத்தை ஏற்கவில்லை. அங்கே தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் 2009ல் வெளியே வந்தபோதுதான் அது எவ்வளவு திட்டமாக நடந்தது என்று தெரிந்தது. அவர் புத்தகங்களை வாங்காமல் தவிர்த்த நூலகங்களும் உண்டு. சரி, இலக்கியத் தரம் போதாது என்பது அவர்கள் கருத்து, இருக்கட்டும். ஆனால் அதனால் ஏற்பட்ட விளைவைப் பாருங்கள். இவ்வளவு எழுதிய ஒருவரின் எழுத்தை வரிசைப்படுத்தி வைக்கும் வேலையை, செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. எந்தக் கதை எந்த ஆண்டில் எந்தப் பத்திரிகையில் முதலில் வந்தது, எந்தத் தலைப்பு பின்னால் மாறியது, படம் யார் போட்டது என்று பட்டியல் போட்டவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள்தான்.

‘சன்னி ஸ்டோரீஸ்’ பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1937லிருந்து பிளைட்டனின் பெயரையே தலைப்பில் சேர்த்து வந்தது. மாய நாற்காலிக் கதைகள் அதில் தொடராக வந்துதான் அதே ஆண்டு இறுதியில் புத்தகமாயின. காகிதம் மெலிசு, விலை மலிவு, படித்துவிட்டுத் தூக்கிப்போடும் சாமான். அந்த இதழ்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து அட்டவணை போட ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டும். சம்பளத்துக்கு யாராவது அப்படி உட்காருவார்களா?

அப்படி உட்கார்ந்தவர்களின் அறிவு எப்போது உதவுகிறது என்பதற்கு ஒரு சம்பவம். 2010ல் பிளைட்டனின் மூத்த மகள் வழியாக வந்த தட்டச்சுப் பிரதிகள் ஏலத்துக்கு வந்தன. நியூகாசிலில் உள்ள ‘செவன் ஸ்டோரீஸ்’ என்ற சிறுவர் நூல் மையம் அவற்றில் ஒரு பகுதியை வாங்கியது. 2011ல் அதற்குள் ‘மிஸ்டர் டம்பீஸ் காரவன்’ என்றொரு கதை அகப்பட்டது. பிளைட்டன் 1949ல் ‘மிஸ்டர் டம்பி அண்ட் ஹிஸ் காரவன்’ என்று ஒரு படக்கதைப் புத்தகம் போட்டிருக்கிறார். பெயரைப் பார்க்கிற யாருக்கும் இது அதன் பிரதி என்றுதான் தோன்றும். இது வேறு, அச்சுக்கே போகாத முழுக்கதை என்று உறுதியாகச் சொல்ல, அச்சில் வந்ததெல்லாம் என்னென்ன என்று தெரிந்திருக்க வேண்டும். ரசிகர்கள் போட்டு வைத்த பட்டியல்களின் மதிப்பு அங்கே தெரிகிறது.

இனி வயதுக் கணக்கு. உங்கள் நண்பரிடம் தொடர்ந்து போடச் சொல்லுங்கள், அது வீண் வேலை இல்லை. 1942ல் வந்த முதல் கதையில் ஜூலியனுக்குப் பன்னிரண்டு, டிக்குக்கும், ஆண்பெயர் வைத்துக்கொண்ட ஜார்ஜ் என்ற சிறுமிக்கும் பதினொன்று, ஆனுக்குப் பத்து. ஐந்தாவது ஆள் நாய். முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் கதைகள் கோடை விடுமுறையில் நடக்கின்றன. அப்படியானால் ஏழாம் கதையிலேயே ஜூலியனுக்குப் பதினைந்து ஆகிவிட்டது. 1963ல் இருபத்தொன்றாம் கதை வரும்போது அவன் பள்ளிக்கூடத்தையே தாண்டியிருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். ஏன்? பிளைட்டன் முதலில் ஆறோ எட்டோ கதைகள்தான் எழுத நினைத்திருந்தார். புத்தகம் ஓஹோவென்று விற்றது, குழந்தைகள் இன்னும் இன்னும் என்று கேட்டார்கள், இருபத்தொன்று ஆகிவிட்டது. ஆறு கதைக்குத் தைத்த சட்டையைப் பிள்ளைகள் இருபத்தொரு கதைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எட்டாம் ஒன்பதாம் கதைக்குப் பிறகு வயதை அவர் எப்படித் தொடாமல் நழுவுகிறார் என்று உங்கள் நண்பர் பார்த்து எழுதினால் நானே ஆவலோடு படிப்பேன்.

சமையற்காரம்மா ஒரு கதையில் ஜோவானா, இன்னொரு கதையில் ஜோன். கதையில் வரும் கிர்ரின் தீவு ஜார்ஜின் அம்மா ஃபேனியின் பிறந்தவீட்டுச் சொத்து என்று முதல் கதை சொல்கிறது, ஆனால் கணவர் வழிக் குடும்பப் பெயரும் கிர்ரின்தான். இதையெல்லாம் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 1953ல் உளவியலாளர் பீட்டர் மெக்கெல்லருக்குப் பிளைட்டன் எழுதிய கடிதங்களோடு சேர்த்துப் பார்த்தால் வேறொன்று புரிகிறது. தட்டச்சுப் பொறியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் காத்திருப்பாராம். உள்ளே ஒரு திரை விரியும், அதில் ஆட்கள் நடமாடுவார்கள், பேசுவார்கள். அவர் பார்த்ததைத் தட்டிக்கொண்டே போவார். ஒரு நாளைக்கு ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் சொல் வரைக்கும் ஓடும். அந்த வேகத்தில் சமையற்காரம்மாவின் பெயரைச் சரிபார்க்க அவர் எழுந்து போகவில்லை. அந்த மாறிய பெயரைப் பக்கத்தில் காணும்போது, தோட்டத்தில் மடிமேல் பொறியோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளையே காண்பது போல எனக்கு இருக்கிறது. நோண்டினால் கதையில் என்ன மிஞ்சும் என்று கேட்ட நண்பருக்கு இதைச் சொல்லுங்கள். எனக்கு மிஞ்சியது இது.

அவர் குடியிருந்த வீடும் இப்போது இல்லை. பீக்கன்ஸ்ஃபீல்டில் ‘கிரீன் ஹெட்ஜஸ்’ என்ற அந்த வீட்டை 1973ல் இடித்துவிட்டார்கள். போய் நின்று பார்க்கக்கூட வழியில்லை.

மூன்றாவது நண்பர் சொல்வதோடு மட்டும் எனக்கு உடன்பாடு கிடையாது. அவருடைய பயம் புரிகிறது. வெளியே எல்லோரும் அடிக்கிறார்கள், நாமாவது பாதுகாக்க வேண்டாமா என்று நினைக்கிறார். ஆனால் ரசிகர்கள் எழுதாவிட்டால் யார் எழுதுவது? ஒரு புத்தகத்தைக்கூட முழுக்கப் படிக்காதவர் எழுதுவார். அதில் தண்டனை இருக்கும், விவரம் இருக்காது. “அந்தக் காலம் அப்படி” என்று நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானத்தைச் சோதித்துப் பார்க்கவும் விவரம் தெரிந்தவர்களால்தான் முடியும். 1960ல் மாக்மில்லன் பதிப்பகம் அவருடைய ‘தி மிஸ்டரி தட் நெவர் வாஸ்’ கதையைத் திருப்பி அனுப்பியது. அந்நியர்மீது பழைய பாணிக் காழ்ப்பு அதில் தெரிகிறது என்று பிரதியைப் படித்தவர் குறிப்பு எழுதினார். அடுத்த ஆண்டு வேறொரு பதிப்பகம் அதை வெளியிட்டது. ஆக, அந்தக் காலத்திலேயே அதைக் கண்டுகொண்ட ஆட்கள் இருந்திருக்கிறார்கள். 1966ல், கருப்பு முகத்துக்காக வெறுக்கப்படும் ஒரு பொம்மையைப் பற்றிய அவருடைய கதை ஒன்றை ‘கார்டியன்’ பத்திரிகையும் கண்டித்தது. எனக்கு இந்த எழுத்தாளரைப் பிடிக்கும். பிடிக்கும் என்பதாலேயே இதைப் படித்தபோது நெஞ்சில் தைத்தது. அந்தக் கதையில் தன் முகத்தைக் கண்ட குழந்தைக்கு என்னைவிட எவ்வளவு தைத்திருக்கும்! இதை எழுத இடமில்லாத இதழுக்கு நான் சந்தா கட்ட மாட்டேன்.

உங்கள் வீட்டில் கேட்ட கேள்விக்குப் பிளைட்டனின் காலத்திலேயே பதில் இருக்கிறது. ‘ஃபேமஸ் ஃபைவ் கிளப்’ 1952ல் தொடங்கியது. உறுப்பினர்களுக்கு ஒரு பேட்ஜ். பீக்கன்ஸ்ஃபீல்டில் இருந்த குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு அவர்கள் காசு சேர்த்தார்கள். அது போலவே இன்னும் சில கிளப்புகள். 1953ல் தொடங்கிய ‘எனிட் பிளைட்டன்ஸ் மேகசின்’ என்ற தன் பத்திரிகையை 1959ல் அவர் மூடியபோது எல்லாக் கிளப்புகளிலும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பத்திரிகை வந்த ஆறு ஆண்டுகளில் சேர்ந்த பணம் 35,000 பவுண்டு. வாசகர்களை ஒன்றுசேர்த்து ஒரு வேலையைக் கொடுப்பது அவரே தொடங்கிவைத்த பழக்கம். பேட்ஜ் குத்திய பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள், 1995ல் சங்கம் வந்தது. நாற்பத்தாறு வயதில் நீங்கள் செய்வதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? சின்ன வயதில் உங்களைப் படிப்பாளியாக்கிய ஒருவரைத் திரும்பிப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். 2010ல் ஹாடர் பதிப்பகம் ‘ஃபேமஸ் ஃபைவ்’ கதைகளின் மொழியைப் புதுப்பித்தது. ‘மதர், ஃபாதர்’ என்று இருந்ததை ‘மம், டாட்’ ஆக்கினார்கள். இன்னும் பல உரையாடல்களை மாற்றினார்கள். வாசகர்கள் ஏற்கவில்லை. 2016ல் பதிப்பகமே பழைய மொழிக்குத் திரும்பியது. எது மாறியது, எது திரும்ப வந்தது என்பதைப் பலர் பொதுவாகப் பேசிவிட்டார்கள். ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்து வரிவரியாகப் பாருங்கள். 2010க்கு முந்தைய பிரதி ஒன்று, திருத்திய பிரதி ஒன்று, இரண்டும் வேண்டும். ஜார்ஜை மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள், ஜார்ஜின் அப்பா குவென்டினிடம் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதில் கவனம் வையுங்கள். பெரியவர்களிடம் காட்டும் அந்த மரியாதைத் தொனி திருத்தத்தில் எங்கே போனது என்று காட்ட முடிந்தால் நல்ல கட்டுரை. ஐலீன் சோப்பரின் பழைய கோட்டோவியங்கள் உள்ள பதிப்பு கையில் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜின் சுருட்டை முடியை அவர் எவ்வளவு குட்டையாகப் போட்டிருக்கிறார், புதிய அட்டைகளில் அது என்ன ஆனது என்று ஒரு பத்தி எழுதலாம்.

வயதுக் கணக்கு போடும் நண்பரை மேற்கோள் சரிபார்க்க வையுங்கள். கோபக்காரர் முதல் வாசகராக இருக்கட்டும். அனுப்புமுன் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.