தங்கத்தில் முளைத்த படிக்கட்டு

கேள்வி: ஒளிக்கான மேக்ஸ்வெல் சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. அப்புறம், ஒரு நானோ தங்கத் துகள்மேல் ஒளி பட்டால் என்ன ஆகும் என்று பார்க்க இன்றும் ஏன் நாள்கணக்கில் கம்ப்யூட்டரை ஓட்டுகிறீர்கள்? அது காட்டும் படத்தை நம்பலாமா?

பதில்: உருண்டை என்றால் இவ்வளவு பாடே வேண்டாம். 1908-லேயே குஸ்டாவ் மீ என்ற ஜெர்மன் இயற்பியலாளர் தாளில் போட்டு முடித்துவிட்டார். தண்ணீரில் மிதக்கும் 20 நானோமீட்டர் தங்க உருண்டைகள் 520 நானோமீட்டர் அருகே பச்சை ஒளியை விழுங்குவதும், அதனால் கரைசல் சிவப்பாகத் தெரிவதும் அந்தக் கணக்கிலேயே வந்துவிடும். முக்கோணத் தகடு, நட்சத்திரம் என்று போனால்தான் தாள் கைவிட்டுவிடும்.

அப்போது இடத்தைக் கட்டம் கட்டமாக நறுக்கி, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி முன்னே நகர்த்துவோம். 1966-ல் கேன் யீ காட்டிய வழி இது. கட்டம் 1 நானோமீட்டர் என்றால், ஒரு தடவைக்கு ஃபெம்டோ நொடியில் (ஒரு நொடியைப் பத்து கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு) சுமார் 500-ல் ஒரு பங்குதான் நகரலாம். கட்டத்தைப் பாதியாக்கினால் நினைவகம் 8 மடங்கு, வேலை 16 மடங்கு. நாள்கணக்கு ஆவது இப்படித்தான்.

நம்பலாமா என்றால், என் கூத்தைச் சொல்கிறேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது, ஒரு தங்கக் கோலின் வளைந்த முனையில் ஓரிடத்தில் மட்டும் மின்புலம் எகிறியிருந்தது. இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் கட்டத்தைப் பாதியாக்கி ஓட்டினேன். அந்தப் புள்ளி வேறு இடத்துக்குத் தாவி, இன்னும் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது! சதுரக் கட்டத்தில் வளைவை வரைந்தால் படிக்கட்டாகத்தானே வரும்? நான் கொண்டாடியது ஒரு படியின் மூலையை. கண்ணாடித் துகளில் இது இவ்வளவு படுத்தாது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஊசலாடி, மேற்பரப்பில்தான் மின்னூட்டத்தைச் சேர்க்கின்றன; அங்கே செய்யும் சின்னத் தப்பும் பூதாகரமாகத் தெரியும். அன்றிலிருந்து எந்த வடிவமானாலும் முதலில் ஓர் உருண்டையை ஓட்டி, மீயின் விடை வருகிறதா என்று பார்த்துவிடுவேன்.

ஒவ்வொரு நிற ஒளிக்கும் தங்கம் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல என்ன எண்களைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். உலோகத்தின் எலக்ட்ரான்கள் தடையின்றித் திரிவதாக வைத்துப் போடும் ட்ரூட் சூத்திரம் அகச்சிவப்பில் நன்றாக நடக்கும். நீலத்துக்கு வந்தால் உள்வரிசை எலக்ட்ரான்களும் ஒளியை விழுங்குவதால் காலை வாரிவிடும். பலரும் 1972-ல் ஜான்சனும் கிறிஸ்டியும் மெல்லிய படலங்களில் அளந்த எண்களையே எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு துகள்களுக்கு நடுவே இடைவெளி அரை நானோமீட்டருக்கும் கீழே போனால் எலக்ட்ரான்கள் அக்கரைக்கு ஊடுருவ ஆரம்பித்துவிடும். என் புரோகிராமுக்கு அது தெரியாது, அப்போதும் அசராமல் அழகான படம் போடும். அந்தப் படத்தை மட்டும் நம்பாதீர்கள்.