தாத்தா பெயரில் உதவித்தொகை: தனி டிரஸ்ட் தேவையா?

கேள்வி: எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்காவின் 'இந்தியன் அண்ட் மலாய் கோர்' படையில் லாரி ஓட்டினார். திரும்பி வந்து டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுத்தார். அவர் நிலத்தை விற்றதில் 4 லட்சம் ரேண்ட் ஒதுக்கியிருக்கிறோம். அண்ணன், தங்கை, நான் மூவரும் டிரஸ்டிகளாக இருந்து, விவசாயம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் பெயரில் உதவித்தொகை தர ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகி, வெருலம்

பதில்: கையில் துப்பாக்கிகூடக் கொடுக்காமல் போருக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்தப் படைக்காரர்கள். அப்படிப் போய் வந்த மனிதர் மறுபடி மண்வெட்டியோடு பிள்ளைகள் முன்னால் நின்றிருக்கிறார் என்றால், அந்தப் பெயர் நிலைக்கத்தான் வேண்டும் அம்மா. ஆனால் தனி டிரஸ்ட் வேண்டாம்.

வரிவிலக்கு பெற்ற பொதுநல அமைப்பாக சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) உங்களை ஏற்க வேண்டுமானால், ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவர்கள் மூவர் மட்டும் என்றால் ஏற்கமாட்டார்கள். அந்த அனுமதி இல்லாமல் சாதாரண டிரஸ்டாக நடத்தினால், அதில் தேங்கும் வருமானத்துக்கு 45 விழுக்காடு வரி. நீங்கள் டிரஸ்டுக்குக் கொடுக்கும் பணமும் ஆண்டு விலக்கைத் தாண்டினால் அதற்கு 20 விழுக்காடு நன்கொடை வரி. அப்புறம் வருடா வருடம் கணக்கு, ரிட்டர்ன், கணக்காளர் கூலி, எல்லாம் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணத்திலிருந்துதான் போகும்.

அதைவிட, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் விவசாயம் நடத்தும் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவோடு பேசுங்கள். தாத்தா பெயரிலேயே நிதி தொடங்கலாம், வரிக்கழிவுக்கான 18ஏ ரசீதும் கிடைக்கும். அந்த ரசீதை வைத்து உங்கள் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம்: 5 லட்சம் வருமானம் என்றால் இந்த வருடம் 50,000, மிச்சம் அடுத்தடுத்த வருடங்களுக்குப் போகும். அதனால் மூன்று பேரும் அவரவர் பங்கை அவரவர் பெயரில் கொடுங்கள், ஒருவர் கணக்கில் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

முதல் தொகையைத் தொடாமல் அதில் வரும் வருமானத்தை மட்டும் கொடுப்பது என்றால் ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுத்தாலும் 16,000 ரேண்ட்தான், பட்டப்படிப்பின் ஒரு வருடக் கட்டணத்துக்கே அது எட்டாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் தொகையையும் சேர்த்து எட்டு, பத்து வருடத்தில் செலவழித்துவிடச் சொல்வேன், ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்காவது உருப்படியாக 40, 50 ஆயிரம் போகும். யாருக்கு என்பதையும் யோசியுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருந்தால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதித் திட்டத்தின் உதவி உண்டு. அதற்குக் கொஞ்சம் மேலே, அப்பா டிரைவர், அம்மா கடையில் வேலை என்று இருக்கும் வீட்டுப் பிள்ளைதான் எந்தப் பக்கமும் கை கிடைக்காமல் தவிக்கிறது. வயல் பயிற்சிக்கு வேண்டிய கம்பூட்ஸ், பஸ் கூலி இவையும் அடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள்.

'தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும்' என்பதை மனம் வருந்தாமல் விட்டுவிடுங்கள். டர்பனில் ஏழை வெள்ளைக்காரப் பெண்களின் படிப்புக்கென்று வைக்கப்பட்ட எம்மா ஸ்மித் நிதியில் அந்த இன நிபந்தனையை நீக்கலாம் என்று 2010இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அந்த நிதியை நிர்வகித்ததும் இதே பல்கலைக்கழகம்தான். 'டோங்காட், வெருலம் பள்ளிகளில் படித்தவர்களுக்கு முன்னுரிமை' என்று எழுதச் சம்மதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். தாத்தா சொல்லிக்கொடுத்த ஊர்ப் பிள்ளைகள்தானே அவர்கள்.

இன்னொன்று, பணம் எப்போது கைக்கு வரும் என்பதை மறக்காதீர்கள். பதிவுக் கட்டணம் ஜனவரி, பிப்ரவரியில் கேட்பார்கள், ஏப்ரலில் வந்தால் பிரயோஜனமில்லை. ஒப்பந்தம் முடியும்வரை பணத்தை 32 நாள் நோட்டீஸ் கணக்கில் (32 நாள் முன்னால் சொல்லிவிட்டு எடுக்கும் வங்கிக் கணக்கு) போட்டுவையுங்கள், ஒப்பந்த வரைவைக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், அந்தப் படிப்பே நின்றுபோனால் மிச்சப் பணம் எந்தப் படிப்புக்குப் போகும் என்ற வரி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.