தலைதட்டி அளந்த மருந்து

அன்புள்ள ஐயா,

நான் வியாசர்பாடியில் இருக்கிறேன். என் மாமா (அக்கா வீட்டுக்காரர்) அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து, குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியில் சுடப் பழகுகிறார். போன வாரம் கோயெக்ஸ், சுவிஸ், ஷூட்சென் என்று மூன்று கம்பெனிக் கருமருந்துகளையும் (பழைய வகை வெடிமருந்து) ஒரே நாளில் சுட்டுப் பார்த்து ஓர் அட்டவணை அனுப்பினார். ஒவ்வொன்றிலும் மூன்று வெடி. வேகத்தில் சுவிஸ் முதலிடம். ஆனால் 50 கெஜத்தில் துளைகள் நெருங்கி விழுந்தது கோயெக்ஸில். வேகமான மருந்துதானே நல்ல மருந்து? பிறகு ஏன் குறி சிதறுகிறது? அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

மாமா மருந்தை நிறுத்துப் போட்டாரா, அளந்து போட்டாரா? அட்டவணையில் '70 கிரெய்ன்' என்று மட்டும் இருக்கிறது. இந்தத் துப்பாக்கிக்காரர்களில் பலர் தராசைத் தொடுவதில்லை. விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குப்பி வைத்திருப்பார்கள். அதில் கோடு பார்த்து நிரப்பிக் குழலில் கொட்டுவார்கள். கிரெய்ன் என்பது எடைதான், ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஆனால் குப்பி காட்டுவது கொள்ளளவை.

வீட்டில் அரிசி அளக்கிற படியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி அரிசியும் ஒரு படி அவலும் ஒரே எடையா? சுவிஸ் மருந்தின் மணிகள் அடர்த்தியானவை. ஒரே குப்பியில் கோயெக்ஸைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை இறங்கிவிடும். குப்பியால் அளந்திருந்தால், மாமா இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டதோடு கூடுதல் மருந்தையும் குறைந்த மருந்தையும் சேர்த்தே ஒப்பிட்டிருக்கிறார். நிறுத்துப் போட்டாலும் சுவிஸ் பெரும்பாலும் முந்தத்தான் செய்யும். எந்த மரத்துக் கரி, எவ்வளவு நைசாக அரைத்தார்கள், எப்படி அழுத்தினார்கள் என்பதெல்லாம் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஓபோன் ஊர் ஆலை 1853-லிருந்து இதே வேலையைச் செய்கிறது. ஆனாலும் குப்பி அளவில் தெரிகிற வித்தியாசம் முழுவதும் மருந்தின் தரம் ஆகாது.

மணியின் அளவையும் கேளுங்கள். டப்பாவில் 2எஃப், 3எஃப் என்று போட்டிருக்கும். எஃப் கூடக்கூட மணி சிறிது, எரிவது சீக்கிரம். ஒன்றில் 2எஃப், இன்னொன்றில் 3எஃப் போட்டிருந்தால் அந்த அட்டவணையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். கோயெக்ஸ் என்றால் எந்தக் காலத்து டப்பா என்பதும் முக்கியம். லூசியானா மாநிலம் மிண்டனில் இருந்த அந்த ஆலையை 2021-இல் மூடுவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு வேறு கம்பெனி வாங்கியது. பெயர் ஒன்றுதான், சரக்கும் ஒன்றா என்று சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் கரி. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும்தான் மிஞ்சும். ஒவ்வொரு வெடிக்கும் குழலின் உள்சுவரில் ஒரு படலம் ஏறும். காற்று காய்ந்திருந்தால் அது ஓடு மாதிரி இறுகிவிடும். நம் கடலோரக் காற்று மாதிரி ஈரமாக இருந்தால் இளகிக் கிடக்கும். மாமா எந்த மருந்தை முதலில் சுட்டார்? துடைத்த குழலில் ஒன்றும், ஆறு வெடிக்குப் பிறகு கரியேறிச் சூடான குழலில் இன்னொன்றும் சுட்டால், கடைசியாக வந்த மருந்தின் தலையில் மற்றவற்றின் கரியும் சேர்ந்து விழும்.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் அளவு பார்க்கும் பிரிவில் இருந்தவன் நான். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு எது காரணம் என்று சொல்லவே முடியாது. அந்தப் பழக்கத்தில்தான் இவ்வளவு கேட்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இப்படிச் சுடும் ஒரு பெரியவரின் பக்கத்தில் ஒரு மத்தியானம் முழுக்க நின்றேன். குண்டை எண்ணெய் தடவிய துணித்துண்டில் வைத்துக் கம்பியால் இறுக்கி இறக்குவார். எப்போதும் ஒரே அழுத்தம். வெடித்ததும் புகை கலைவதற்குள் நடந்துபோய்ப் புல்லில் அந்தத் துணியைத் தேடுவார். பலகையைப் பார்ப்பது அப்புறம்தான். நடுவில் வட்டக் கரி, ஓரம் வெள்ளையாகப் பிசிர் விட்டிருந்தால் முகம் மலரும். துணி பொசுங்கி ஓட்டை விழுந்திருந்தால் தலையை ஆட்டிக்கொண்டு மருந்தைக் குறைப்பார், இல்லையென்றால் துணியை மாற்றுவார். துணி எரிந்துவிட்டால் குண்டு குழலின் சுருள் காடிகளைப் பிடிக்காது, வாயு ஓரமாகக் கசியும், குறி போய்விடும். உங்கள் மாமாவுக்கு சுவிஸில் இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கோயெக்ஸுக்குப் பொருந்திய துணி, வேகமான மருந்துக்குத் தாங்கவில்லை.

உச்ச வேகத்தைப் பார்க்காதீர்கள். ஒரே மருந்தில் மிக வேகமான வெடிக்கும் மிக மெதுவான வெடிக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 50 கெஜத்தில் அந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது. தூரம் கூடினால் குண்டு மேலும் கீழுமாக விழ ஆரம்பிக்கும். மூன்று வெடியை வைத்து அதைச் சொல்ல முடியாது. பத்து வெடியாவது வேண்டும். வேகமானியைக் குழல் வாயிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி வைத்தாரா என்றும் கேளுங்கள். பக்கத்தில் வைத்தால் புகையையும் எரியாத மணியையும் அது குண்டு என்று எண்ணிவிடும்.

வேகத்தை அளக்கும் இந்த வித்தையை ஒழுங்காகத் தொடங்கிவைத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். தொங்கும் மரக்கட்டையில் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டு 1742-இல் புத்தகம் போட்டார். துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 1,700 அடி போகும் என்றும், காற்று அதை எல்லோரும் நினைத்ததைவிடப் பல மடங்கு தடுக்கிறது என்றும் காட்டினார். அந்தத் தடை வேகம் கூடக்கூட ஏறும். குழல் வாயில் முந்திய சுவிஸ் 100 கெஜத்தில் அந்த லாபத்தைக் கணிசமாக இழந்துவிடும். அதே ராபின்ஸைக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக் கோட்டையையும் கடலூர்க் கோட்டையையும் பலப்படுத்த வரவழைத்தது. 1751-இல் கடலூர் புனித டேவிட் கோட்டையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். நீங்கள் பேசின் பிரிட்ஜ் தாண்டிப் புளியந்தோப்புப் பக்கம் போகும்போது பவுடர் மில்ஸ் ரோடு பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். மருந்து ஆலையைப் பெயரில் வைத்திருக்கும் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இங்கே இந்தத் துப்பாக்கிக்கும் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், அதனால் சோதனை மாமாவுடையதுதான். தராசில் நிறுத்த எடை, ஒரே எஃப், ஒவ்வொரு வெடிக்கும் நடுவே ஈரத்துணியால் ஒரு துடைப்பு, மூன்று மருந்தையும் மாற்றி மாற்றி. வேகம் போதவில்லை என்று இந்தக் காலத்துத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்தை மட்டும் அந்தக் குழலில் போடவே கூடாது, குழல் வெடித்துவிடும். இதை அழுத்திச் சொல்லுங்கள்.

புல்லில் விழுந்த துணிகளை எறிந்துவிடாமல் மருந்து வாரியாகப் பிரித்து வைத்து, வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டவணையைவிட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்